செவ்வாய்க்கிழமை கிடைத்த மண்ணெண்ணெய்

கொழும்பில் மக்கள் ஆட்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டில், நான் மன்னாரில் கதிரையில் இருந்தபடி புரட்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு தினசரியின் மன்னார் நிருபர் நான். போராட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து, கூட்டத்தின் நடுவில் நின்றவன்போலக் கட்டுரைகள் அனுப்பினேன். ஒன்றும் வெளிவரவில்லை. கடைசியில் உதவி ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, கொழும்பைப் பற்றி எழுத இங்க ஆக்கள் இருக்கினம். மன்னாரில என்ன நடக்குதெண்டு எழுதுங்கோவன்."

கோபம் வந்தது. பெட்ரோல் இல்லாததால் அந்தக் கோபத்தைச் சைக்கிளில்தான் காட்ட முடிந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால், படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கேட்டு மீனவக் குடும்பங்கள் வெறும் கலன்களோடு வரிசையில் நின்றன. ஓர் அக்காவிடம் போனேன்.

"அரசியல் மாற்றத்தைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனுசன் கடலுக்குப் போகாமல் மூண்டு கிழமையாச்சு, தம்பி. எண்ணெய் எப்ப தருவினமெண்டு உள்ள போய்க் கேட்டுச் சொல்லுங்கோ."

எண்ணெய் வந்துவிட்டது, வியாழக்கிழமை கொடுப்போம் என்றார் உள்ளே இருந்த முகாமையாளர். அன்று ஒரு பெரிய மனிதர் வந்து படம் எடுத்துத் தொடக்கிவைக்க வேண்டுமாம். சலிப்போடு நாலு வரி எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை அது மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் வந்தது. நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முகாமையாளர் தொலைபேசியில் கத்தினார். "செவ்வாயெண்டு எழுதியிருக்கிறீங்கள்! சனம் வந்து நிக்குது. உடன வாங்கோ!"

போனேன். வாசலில் நூறு பேருக்குக் குறையாது. என் நாலு வரியை ஒருவர் உயர்த்திப் பிடித்திருந்தார். "பேப்பரில போட்டிருக்குது, பிறகென்ன?" முகாமையாளர் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பம்பைத் திறந்தார். மதியத்துக்குள் எண்ணெய்த் தாங்கி காலி. வியாழக்கிழமை வந்த பெரிய மனிதர் எதைத் தொடக்கிவைத்தாரோ, நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை அந்த அக்காவை மீன் சந்தையில் கண்டேன்.

"தம்பி பேப்பரில சண்டை பிடிச்செல்லோ எடுத்துத் தந்தனீங்கள்!" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னார். கிழமை மாறிப்போன கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு விளைமீனைப் பையில் போட்டு நீட்டிவிட்டார்.

"உங்களைப்போல ஆக்கள் இருக்கவேணும்."

"ஓம் அக்கா" என்று பையை வாங்கிக்கொண்டேன்.