என்னோடு மலையேறிய கொசு

முதலில் வந்தது ஒரு கொசு. காகித வண்டுக்கு இறக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கண்ணோரம் ஏதோ மிதந்தது. கையால் தட்டினேன், போகவில்லை. மறுநாள் கூட்டமே வந்தது. பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் கணவர் கொசுவர்த்தி ஏற்றிவைத்தார். பாவம், இருவருக்கும் இருமல் வந்ததுதான் மிச்சம்.

பிறகு கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. ஓரத்தில் கறுப்புத் திரை இறங்கியது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கொசுவர்த்தி தேடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"விழித்திரை (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்) கழண்டிருக்கு" என்றார் டாக்டர்.

"தாள் அடுக்கி ஒட்டுறதுதான் டாக்டர் என் வேலையே. பசை கொண்டாரவா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கோ வேலை நினைப்பு. வெள்ளைத் தாள்களை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் பூச்சிகள் செய்கிறேன். எது முன்னே, எது பின்னே என்று தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். இனி முடியுமா?

கண்ணுக்குள் வாயுக்குமிழ் (படலத்தை அழுத்திப் பிடிக்கும் காற்று) செலுத்தினார்கள். சொன்ன பக்கமே தலை சாய்த்துக் கிடந்தேன்.

மலைமேல் இருக்கும் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "இங்க வந்து கெட அக்கா, நான் பாத்துக்கிறேன்."

டாக்டர் விடவில்லை. "மலை ஏறுனா குமிழ் வீங்கிடும். கரையிற வரைக்கும் ஏறாதீங்க."

கிழமையெல்லாம் மறந்துபோனது. கடைக்குப் புறப்படும்போது கணவர் கேட்பார், "இன்னைக்கு என்ன சரக்கு?"

கண்ணில் குமிழ் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அதைக் கடைச் சரக்காகவே சொல்வேன். "தேசிக்காய்." அதாவது எலுமிச்சை அளவு.

அப்புறம் கடலை, மிளகு, கடுகு. ஒருநாள், "சரக்குத் தீந்துருச்சுங்க" என்றேன். லட்டு வாங்கி வந்தார்.

ஆனால் வலது கண் மங்கல்தான். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். அடுக்கிய தாள்கள் ஒரே தாளாகத் தெரிந்தன. அன்று அழுதேன்.

டாக்டர் சம்மதித்ததும் பூனாகலைக்கு பஸ் ஏறினேன். வெளியே மூடுபனி. பக்கத்துத் தேயிலைச் சரிவு கரும்பச்சை, அடுத்தது வெளிர்பச்சை, கடைசி மலை சாம்பல். வலது கண்ணை மூடிப் பார்த்தேன். அப்போதும் மலைகள் தனித்தனியாகவே நின்றன. அட, இத்தனை நாளும் எல்லாத் தாளையும் வெள்ளையாகவே வெட்டியிருக்கிறேனே!

தங்கச்சி வீட்டிலேயே ஒரு வண்டு செய்தேன். அடியில் சாம்பல், மேலே போகப் போகக் கரும்பச்சை. என் கண்ணில் இன்னும் ஒரு கொசு மிச்சமிருக்கிறது. காலையில் எனக்கு முன்னே எழுந்துவிடும். அதையும் கறுப்புத் தாளில் வெட்டி மேலே ஒட்டினேன்.

தேநீர் கொண்டுவந்த தங்கச்சி, வண்டைப் பார்த்ததும் கையை வீசிக் கொசுவை விரட்டினாள். அது போகவில்லை.