பாதியில் நிறுத்திய வரி

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். நாகூரில் பிறந்து, தர்காவுக்குப் பேய் ஓட்ட வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவள் நான். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால், மகள் சபீனா காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை நான்கு பக்கம். கடைசி வரியை மட்டும் முடிக்கவே மாட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தால் மறுநாள் காலை யோசிக்காமல் அங்கிருந்தே ஓடலாம். இருபது வருஷப் பழக்கம் அது.

கதாநாயகன், குவைத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரின் அச்சுதான். அவருக்கும் தெரியும். "கதையில என்னைக் கொன்னுடாதே புள்ள" என்று போனில் கேலி செய்வார்.

ஒரு காலை "குளிக்கப் போனவன்" என்று எழுதி நிறுத்தினேன். மறுநாள் நோட்டைத் திறந்தால் வரி முடிந்திருந்தது. "குளிக்கப் போனவன் குழாயை மூடாமலே விழுந்து கிடந்தான்." என் கையெழுத்து, என் பேனா மை. தூக்கக் கலக்கத்தில் நானே எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அடித்திருக்கலாம். அன்றைக்கே அத்தியாயம் அனுப்ப வேண்டும், அதோடு, அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் காலை, எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அவரோடு அறையில் தங்கியிருந்த பையன் பேசினான்.

"அக்கா, அண்ணன் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க... மவுத்தாயிட்டாங்கக்கா. கொழாய மூடல. தண்ணி வெளில வந்த பிறகுதான் பார்த்தோம்."

அவர் இறந்த பிறகு நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நோட்டைத் துணியில் சுற்றி, பீரோவில் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் போன் வந்தபோது நிறுத்திய வரி அதில் அப்படியே நிற்கிறது. கதாநாயகனின் மகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். "மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி" என்று மூன்றே சொல்.

அடித்துவிடு என்பீர்கள். மகள் என்ற சொல்லின் மேல் கோடு இழுக்க எனக்குக் கை வரவில்லை. நல்லபடியாக முடித்து எழுது என்பீர்கள். பேனாவை எடுத்தாலே பயம். அந்தக் குழாய் வரியை முடித்தது இதே கைதானோ என்னவோ, யார் கண்டது. அதனால் தினமும் தொழுததும் பீரோவைத் திறந்து பார்ப்பேன். மூன்று சொல்தானா என்று எண்ணிவிட்டுப் பூட்டுவேன். இரண்டு வருஷம் மூன்றாகவே இருந்தது.

போன வெள்ளிக்கிழமை திறந்தேன். "இறங்கி" என்பதற்குப் பக்கத்தில் "ரோட்டை" என்று இருந்தது. என் கையெழுத்துதான். மை இன்னும் சரியாகக் காயவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் நான்கு மணிக்கே பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். சபீனா இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"நான் என்ன சின்னப்புள்ளையா உம்மா? எல்லாரும் பாக்குறாங்க, கைய விடுங்க" என்கிறாள்.

விடுவதில்லை. ஆனால் எழுதும் கையும் அதுதானே என்ற நினைப்பு வரும். உடனே கையை மாற்றி, இடது கையால் அவளைப் பிடித்துக்கொள்வேன்.