சவரிராஜ் போடாத கையெழுத்து

திங்கட்கிழமை காலை ரெட்டியார்பாளையத்தில் நம் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். சவரிராஜின் மச்சினன் போனில் அழைத்து, "மாமா போயிட்டாருங்க" என்றான். எங்கே போய்விட்டான் என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். முதலியார்பேட்டை வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டானாம். நாற்பத்து மூன்று வயது. இதை எழுதும்போதுகூட எனக்கு நம்பிக்கை வரவில்லை. 'அவர்' என்று எழுதவும் கை வரவில்லை. ஏழு வருடமாகப் பக்கத்து மேசை. அவனை அறிந்த நீங்கள் மன்னித்துக்கொள்வீர்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு அவன் வேலையைச் சொல்வதே கஷ்டம். நைலான் தூளை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக ஒரு பொருளை எழுப்பும் இயந்திரம் நம்முடையது. கம்ப்யூட்டரில் வரைந்ததெல்லாம் அதில் வந்துவிடாது. வருமா வராதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது சவரி. முடியாதென்றால் முதலில் "மெர்சி" என்பான்; பிரெஞ்சில் அது 'நன்றி', அவனிடம் அது 'வேண்டாம்'. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தாலே நாமெல்லாம் வரைந்ததைத் திருத்த உட்கார்ந்துவிடுவோம்.

சென்னையிலிருந்து வந்த ஒரு மேனேஜர் எல்லாப் பக்கமும் மூடிய டப்பா ஒன்றை வரைந்து எடுத்துவந்து, இதில் என்ன கஷ்டம் என்று மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறதா? சவரி வாதாடவில்லை. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பந்தில் ரவையைக் கொட்டி, ஓட்டையை அடைத்து எடுத்துவந்தான். "சார், பந்த உடைக்காம ரவைய எடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றான். மேனேஜர் சிரித்துவிட்டு, தூள் வெளியேற இரண்டு துளை வைத்துக் கொடுத்தார்.

ரவைக் கதை எல்லோருக்கும் தெரியும். அவன் போவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை நடந்தது, கூட இருந்த நான்கைந்து பேருக்குத்தான் தெரியும்.

பாம்பு மாதிரி வளைந்த குழாய் ஒன்றை வரைந்திருந்தேன். வியாழக்கிழமை ஆர்டர் கொடுத்த பார்ட்டி அதைப் பார்க்க வருவதாக இருந்தது. சவரி அதைத் திரையில் இப்படியும் அப்படியும் திருப்பினான். மெர்சி என்றான். இரண்டு முனையும் திறந்துதானே இருக்கிறது என்றேன். நடு வளைவிலிருந்து தூள் வராது என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "ஐ.டி.ஐ. படிச்சவன் எனக்கு டிசைன் சொல்லித் தர்றியா?" அவன் கையெழுத்துப் போடாமல் தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான். அவன் பெயர் இருந்த கட்டத்தில் நானே கையெழுத்துப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டேன்.

செவ்வாய் மாலை அடக்கம். கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன், யாரோ சொல்லிச் செய்பவன் மாதிரி. புதன் காலை இயந்திரத்தைத் திறந்து குழாயை எடுத்து ஊதினோம், தட்டினோம், கம்பியை விட்டுக் குடைந்தோம். நடு வளைவில் தூள் சூட்டில் இறுகிக் கட்டியாக உட்கார்ந்திருந்தது. பார்ட்டியிடம் நாள் தள்ளிக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல அவன் இல்லை.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அவன் என் வீட்டுக்குப் போன் செய்தான். நான் இல்லையென்று சொல்லச் சொன்னேன். என் மனைவி கமலாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் வந்து சொன்னபோது நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன், தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் அப்படியே சொன்ன சவரியின் வார்த்தை இது:

"அவன்கிட்ட சொல்லும்மா, மிஷின நிறுத்திட்டு, குழாய வளைவுல ரெண்டாப் பிரிச்சிப் போடச் சொல்லு. ஓடி முடிச்சிடிச்சின்னாலும் பரவால்ல, மறுபடி போட்டுக்கலாம். நானே வந்து ஒட்டிக் குடுத்துர்றேன்."

என்னிடம் அவனுடையதாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். படிப்பைச் சொல்லிக் குத்திய மறுநாளே கோபமில்லாமல் பேசியிருக்கிறான். கோபம் இல்லை என்பதுகூடக் கமலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.