நானாவின் மவுத்துச் செய்தி

அன்று காற்று பலமாக இருந்தது. கடலுக்குப் போன என் மூத்த சகோதரர் நானாவின் படகு விடிந்தும் கண்டக்குழிக் கரைக்கு வரவில்லை. மற்றப் படகுகள் தேடிப் போயிருந்தன. நானும் நானாவின் மனைவி மதினியும் குசினியில் அடுப்பருகே ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி நின்றோம். ஊர்க் குறூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. மணலில் குப்புறக் கிடக்கும் ஓர் ஆண், நீலச் சட்டை. கீழே நானாவின் பெயர், இறந்தவர்களுக்குச் சொல்லும் இன்னாலில்லாஹி.

மதினி போனைக் கண்ணருகே கொண்டுபோனார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இவரிட்டயும் நீலச் சட்ட ஈக்குதானே" என்றார்.

சற்று நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து உட்காரக் கதிரைகள் வந்தன. பெண்கள் யாசீன் ஓதினார்கள். மய்யித்து எந்தக் கரையில் கிடக்கிறது என்று விசாரித்து ஆண்கள் அலைந்தார்கள். கத்தாரில் வேலை செய்த தம்பிக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் படம் போயிருந்தது. லீவு கிடைக்காமல், வேலையையே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

மாலை அஸர் தொழுகை நேரம் நானா நடந்து வந்தார். எஞ்சின் பழுதாகி மிதந்த படகை வேறு ஊர்க்காரர்கள் இழுத்துப் போய்க் கரை சேர்த்திருந்தார்கள். அவருடைய போன் நனைந்து பாழாகியிருந்தது, எங்கள் நம்பர் ஒன்றும் அவருக்கு மனப்பாடமில்லை. கதிரைகளைக் கண்டதும் முகம் வெளிறிக் கேட்டார்:

"யாரு மவுத்து? உம்மாவா?"

 மதினி எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரை விடவில்லை.

படத்தைப் போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். "எனக்கு வந்தத்தான் நான் போட்டன். பேரும் அதுலயே இருந்திச்சி" என்று அழுதார். அவருக்கு அனுப்பியவரும் அதையேதான் சொன்னார். குறூப்பில் அழித்தார்கள், அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. வாரக்கணக்காக வெளிநாட்டுச் சொந்தங்கள் அழைத்து அழுதார்கள். ஒருமுறை நானாவே எடுத்து, "நான்தான் கதைக்கிறன் மாமி, ஹயாத்தோட, உசிரோட ஈக்கிறன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

படத்தில் கிடந்தவர் யாரென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "அந்த மனிசன்ட வீட்டாக்களுக்கு யாரும் சொல்லீப்பாங்களா?" என்று உம்மா பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி மறுநாள் வந்து, பையை இறக்கி வைக்காமலே நானாவைக் கட்டிக்கொண்டான். அவனுக்குக் கத்தாரில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. இப்போது நானாவோடு கடலுக்குப் போகிறான். அவர்கள் தாமதித்தால் மதினி போனைத் திறப்பதில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேரே கரைக்கு நடக்கிறார். நானும் கூடப் போகிறேன்.