அடுத்தவன் மனம் என்ற பாடம்

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி பிரைவட்டாக பி.ஏ. தத்துவம் எழுத முடிவு செய்தாள். அவள் பிரீ டிகிரி முடித்த அங்கன்வாடி டீச்சர். நான் நாலாம் வகுப்பு. வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவன். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பது என் வேலை. அதை மெஷினில் கொடுத்துச் சுற்றி ஷீட் ஆக்குவது அவள் வேலை.

சனிக்கிழமைதோறும் பாறசாலையில் பாரலல் காலேஜ் என்கிற ஒரு டுடோரியலுக்குப் போவாள். மனதைப் பற்றிய தொடக்கப் பாடம் என்றாள். உடம்பு வேறு மனம் வேறா, அடுத்தவனுக்கு மனம் உண்டு என்று நமக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் அதில் கேள்விகள்.

பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவனிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

"எலே, மனசப் படிச்சா ஒனக்க உள்ள கெடக்குறதெல்லாம் அவ வாசிச்சிருவா. சூட்சிச்சோ, கவனமா இருந்துக்கோ!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உள்ளே கிடந்தது அவளுக்கு அங்கே பாடம் எடுக்கும் சார்தான். சோறு பரிமாறும்போதும் "சார் சொன்னாரு", "சார் கேட்டாரு" என்பாள். சார் கேட்ட ஒரு கேள்வியை மூன்று நாள் யோசிப்பாள். நான் கேட்டால், "உப்பு டப்பியில உண்டு" என்பதோடு முடிந்துவிடும். நான் கேட்டதும் உப்பைத்தான் என்பது வேறு விஷயம்.

பரீட்சைக்கு ஃபாரம் கொடுக்கும் நாள் நெருங்கியபோது, இனி போக வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, ஆசிட் வாங்கும் சாக்கில் காலிக் கேனோடு பாறசாலைக்கு பஸ் ஏறினேன்.

ஓலை ஷெட், அரைச்சுவர். சைக்கிள்களுக்குப் பக்கத்தில் மறைந்து நின்றேன். சாருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இஸ்திரி போட்ட சட்டை. அடுத்தவனின் முகமும் பேச்சும்தானே நமக்குக் கிடைக்கின்றன, உள்ளே நடப்பதை யார் பார்த்தார் என்று பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் கேட்டார். என் மனைவி எழுந்தாள்.

"முகமும் பேச்சும் இல்லாமலும் தெரியும் சார். எனக்க வீட்டுக்காரரு வாயத் திறக்கமாட்டாரு. மனசு சரியில்லாத அன்னைக்கு பாலுல ஆசிட்டு கூடிப்போவும். ஷீட்டு கல்லு மாதிரி உறையும். மெஷின் சுத்துறது நானாக்கும். கை நோவும்போ தெரியும்."

வகுப்பே சிரித்தது. என் காது சுட்டது. கை அளவாகத்தான் ஊற்றுகிறது என்று நான் நம்பியிருந்தேன். எனக்கே தெரியாத என்னை அவள் அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"கொள்ளாம், நல்ல பதில்," என்றார் சார். "கோபம்னே வைப்போம். என்ன காரணம்னு ஷீட்டப் பாத்துச் சொல்ல முடியுமா?"

"அது தெரியாது சார்."

சார் ஜெயித்தவரைப் போல போர்டுப் பக்கம் திரும்பினார்.

நான் நழுவி பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முடிந்து அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். கையிலிருந்த கேனைப் பார்த்தாள்.

"ஆசிட்டு வெள்ளறடையில கிட்டாதா?"

"எனக்க காரியத்த எதுக்கு அவருகிட்ட சொன்ன?"

"எனக்குத் தெரிஞ்ச வேற மனசு எது உண்டு?"

பஸ் வரவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காரணம் தெரியாதுன்னியே."

"தெரியும். சனிக்கிழமை ஷீட்டு மட்டுமாக்கும் கல்லாவுது." சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "அத எப்படி அந்த சாருகிட்டயே சொல்ல?"

எனக்காக அவள் சாரிடம் பொய் சொல்லியிருந்தாள். இனி போக வேண்டாம் என்று சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

"ஃபாரம் எப்போ குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை."

"நானும் வாறேன்."

பொறாமை தீர்ந்து போகவில்லை. சாரை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். அன்று அவர் லீவு. எனக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது.