கறுப்பு மூடிக்குள் பூசைத் தண்ணீர்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் தருமபுரியில் டயாலிசிஸ். காலை எட்டு மணி முறை அவளுடையது. ஒரு முறை தவறினாலும் காலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். கடத்தூரிலிருந்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பழைய பெட்ரோல் கார் ஒன்று. அதற்கும் எங்கள் கல்யாணத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

போன ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. இஞ்சின்தான் பிடிக்கவில்லை. நாலு தரம், ஐந்து தரம். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

பண்டிகை நேரம். தெரிந்த டாக்சிக்காரர் போனை எடுக்கவில்லை. மெக்கானிக் ஊரிலேயே இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற உடம்பா அவளுக்கு? நானே பானெட்டைத் திறந்தேன். என் வாய் சும்மா இருக்குமா? பேட்டரி விற்றவனில் தொடங்கி, காரைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் ஒருத்தனையும் விடவில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு இஞ்சின் இரும்பில் படும்படி வைத்துக்கொண்டு, "சாவியத் திருப்பு" என்று கத்தினேன். அவள் இறங்கி முன்னால் வந்து திருப்பினாள். பொறி வரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயில்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஷெட்டில் கிடந்த வேறொரு காயிலை மாட்டினேன். அப்போதும் வரவில்லை. ஸ்பேனரை வாசலில் விட்டெறிந்தேன்.

எறிந்ததும் கை ஓய்ந்துபோய் அப்படியே படியில் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணி ஏழு ஆகியிருந்தது.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"ஏங்க, அந்தக் கறுப்பு மூடிய ஒருக்கா கழட்டிப் பாருங்க. நேத்து ஓஸ் தண்ணிய அது மேலதான புடிச்சீங்க."

"அது அப்பவே காஞ்சிருக்குமே?"

"வண்டி ஓடியிருந்தா சூட்டுல காஞ்சிருக்கும். நீங்கதான் சாவியத் தொடவே உடலியே."

பூசைக்குக் கழுவிச் சந்தனம் வைத்த எந்தக் கருவியையும் மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான்கு பிளக்குக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி அது. முந்தின நாள் நானே வைத்த சந்தனப் பொட்டு அதன் தலையில் இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். துணியால் துடைத்து, அடுப்புச் சூட்டில் கொஞ்சம் காட்டி மாட்டினேன். இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது.

பாதி வழியில் கேட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னாக் கேக்கற மாதிரியா இருந்தீங்க? கொஞ்சம் ஆறட்டும்னு இருந்தேன்."

நேரம் தவறினால் திணறப்போவது அவள் மூச்சு. அதை வைத்துக்கொண்டு, என் கோபம் ஆறுவதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள்.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். ஊசி ஏற்றி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த முப்பது வருஷத்தில் அவளுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குக் குனிந்து சொன்னேன். என் வாய்க்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

கண்ணைத் திறக்காமலே, "மெதுவாச் சொல்லுங்க, பக்கத்துல தூங்கறாங்க" என்றாள்.