முந்திரிக்கும் முந்திரிகைக்கும் நடுவே

கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அவங்க குடும்பத்துல என்ன தொழில்?" நான் மாண்ட்ரியலில் இருந்து போனில், "முந்திரித் தோட்டம் வெச்சிருக்காங்கப்பா" என்றேன். எனக்கு அப்படித்தான் தெரியும். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். "எங்களிட்ட ஒரு முந்திரிகைத் தோட்டம் இருக்கு, மலைச் சரிவில" என்று அவர் சொன்னதைத்தான் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு அப்பாவிடம் ஒப்பித்தேன்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நாங்கள் பண்ருட்டிப் பக்கம். எங்கள் ஊரில் முந்திரி சோறு போடுகிற மரம். பனி கொட்டுகிற ஊரில் முந்திரி எப்படி என்று அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "கண்ணாடி வீடு கட்டி ஹீட்டர் போட்டு வளப்பாங்க. வெளிநாட்டுக்காரன் எதைத்தான் செய்ய மாட்டான்" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதமே என்னை அந்த மலைக்கு அழைத்துப் போனார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரைத் தாண்டி, பாலம் ஏறி, மாண்ட்ரியல் தீவை விட்டு வெளியே போக வேண்டும். தெற்குப் பார்த்த சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டிய கொடிகள். "மரம் எங்கே?" என்று கேட்டேன். "என்ன மரம்?" என்றார் அவர். யாழ்ப்பாணத் தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் தின்கிற திராட்சை இல்லை. பிரான்சில் ரோன் ஆற்றங்கரைச் சரிவுகளில் வளர்கிற சிரா, வியோனியே என்ற ஒயின் திராட்சைகள். எனக்குத் தலை சுற்றியது.

சுற்றாமல் என்ன செய்யும்? அப்பாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. சாராயம் புழங்கும் வீட்டில் கை நனைக்க மாட்டார். எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி, பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிடுவார். என் சித்தப்பா குடித்தே செத்தவர். தெருவில் விழுந்து கிடந்த தம்பியைத் தோளில் தூக்கி வந்து குளிப்பாட்டிப் படுக்கப் போட்டது எத்தனையோ தடவை. கடைசித் தடவை தூக்கியபோது உயிர் இல்லை. அதனால் அந்தப் பிடிவாதத்தை எங்கள் வீட்டில் யாரும் கேலி செய்ததில்லை.

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்பாகிட்ட நீ சொல்லாத, நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்" என்றாள். பிறகு எப்போது கேட்டாலும் "அதெல்லாம் ஆச்சு" என்பாள். எது ஆச்சு என்று கேட்டால் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிடுவாள். கல்யாணம் ஊரில் நடந்தது. மாமனார் குடும்பம் வந்து, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. அப்பா முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தெரிந்து பொறுத்துக்கொண்டாரா, தெரியவே தெரியாதா? எனக்கு விளங்கவே இல்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக இங்கே வந்தார்கள். விமான நிலையத்தில் அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா என் காதில் சொன்னாள்: "இன்னும் சொல்லலடி. வாய் வரல."

எங்கள் வீடு மாண்ட்ரியலை ஒட்டிய இல்-பிசார் தீவில். நாங்களும் என் கணவரின் பெற்றோரான மாமாவும் மாமியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அப்பா வந்ததும் பெட்டியைத் திறந்து வறுத்த முந்திரிப் பொட்டலங்களை அடுக்கினார். "ஐயோ, கஜுவே! எவ்வளவு கஜு!" என்று மாமி வாங்கி வைத்தார். முந்திரித் தோட்டக்காரர் வீட்டில் முந்திரியைப் பார்த்து ஏன் இவ்வளவு ஆச்சரியம் என்று அப்பாவுக்கு ஒரு கணம் குழம்பியது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, உங்க முந்திரித் தோட்டத்தைப் பார்க்கணும்."

"ஓம், ஓம்! முந்திரிகைத் தோட்டத்துக்குத்தானே, இந்தக் கிழமையே போவம். இப்பதான் பழம் பறிக்கிற நேரம்."

இரண்டு பேரும் மனம் குளிர்ந்து சிரித்துக்கொண்டார்கள். நான் சாம்பார் கரண்டியோடு நடுவில் நின்றேன். மாமாவுக்கு எதுவும் தெரியாது. அப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்துதான் பெண்ணைக் கொடுத்தார் என்பது அவர் எண்ணம். அம்மாவைப் பார்த்தேன். அவள் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே வந்தார்கள். அப்பா ஒரு வாரம் அந்த வீட்டில் மூன்று வேளையும் ரசித்துச் சாப்பிட்டார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். டவுன்டவுன் உணவகச் சமையலறைகளில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஒரு பிரெஞ்சு சமையல்காரர் சிரா ஒயினை மோந்து பார்க்கச் சொன்னாராம். அதில் மிளகு வாசம் அடித்ததும் மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் கியூபெக் குளிருக்கென்றே உண்டாக்கிய கொடிகளை வைத்தபோது, இவர் மட்டும் ரோன் கொடிதான் என்று ஒற்றைக்காலில் நின்று நட்டார். ஆனால் குடிக்க மாட்டார். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை என்றால் அதுவும் இல்லை. மாமி மோந்து பார்ப்பதோடு சரி. அவர் மூக்கு சொல்வதுதான் அந்தத் தோட்டத்தில் தீர்ப்பு. குடிக்காதவர்கள் நடத்தும் ஒயின் தோட்டம். இதைப் பெருமையாக நினைப்பதா, வேடிக்கையாக நினைப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் எல்லோரும் மலைக்குப் போனோம். அப்பா காரை விட்டு இறங்கிச் சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"கண்ணாடி வீடு எங்க சம்பந்தி?"

"கண்ணாடி வீடோ? அது ஏன்? இது வெளியில வளருற கொடி எல்லே."

அப்பா ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இது திராட்சைல்ல?"

"ஓம், திராட்சை எண்டும் சொல்லுறது. நாங்கள் முந்திரிகை எண்டுதான் சொல்லுவம்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பண்ருட்டிக்காரனையே ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மாவின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிறகு அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கத்தரியை வாங்கி, எங்களோடு சேர்ந்து பழம் வெட்டினார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. மதியம் நெருங்கும்போது கூடையைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "இதெல்லாம் எந்த மார்க்கெட்டுக்குப் போகுது?"

"ஒரு இடமும் போறேல்ல. இஞ்சையே நசிச்சு வைன் ஆக்கிறது. உங்களுக்குத் தெரியும்தானே" என்றார் மாமா.

அப்பா கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். யாரையும் திட்டவில்லை. மாமாவை நேராகப் பார்த்து, "நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"சீச்சீ. வாயில வைச்சுத் துப்பிப்போடுவன். எங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்கிறேல்ல."

மாமா அதை நல்ல பதில் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் முகம் அதற்குப் பிறகுதான் கறுத்தது.

"என் தம்பிக்கு ஊத்திக் கொடுத்தவனும் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான், சம்பந்தி. நெத்தி நிறைய விபூதி வெச்சிருப்பான். குடிச்சுக் கெட்டவனைக்கூட எனக்கு மன்னிக்கத் தெரியும். குடிக்காம விக்கிறவனை என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

மாமாவின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. அவர் வரிசைக்குள் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து அப்பா மாமி சமைத்ததைத் தொடவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகவும் இல்லை. மகளோடு இருக்கத்தானே வந்தேன் என்றார். என் சம்பளத்தில் அரிசி வாங்கி, தனிச் சட்டியில் அம்மா வடித்துக் கொடுத்தால் சாப்பிட்டார். அரிசி தீர்ந்து, நான் அலுவலகத்தில் இருந்து வரத் தாமதமானால் தெருமுனை டெப்பனர் கடைக்குத் தானே நடந்து போய் பிரெட்டும் வாழைப்பழமும் வாங்கி வந்தார். ஒரே அடுப்பில் இரண்டு சோறு கொதித்தது. ஒருநாள் மாமி என்னிடம், "நான் சமைக்கிறதில என்ன பிள்ளை பிழை? நான் ஆருக்கு ஊத்திக் குடுத்தனான்?" என்று கேட்டார். அம்மா மேல் கோபம் வந்தது, அப்பா மேல் வந்தது, ஒரு பழத்துக்கு இரண்டு பெயர் வைத்த தமிழ் மேலேயே வந்தது. அப்பா சொன்னது நியாயமாக இருந்தது. மாமி கேட்டதும் நியாயமாக இருந்தது. என் வீட்டில் என் அப்பா விருந்தாளியாகக்கூட இல்லாமல் போய்விட்டாரே என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்படியே சில வாரங்கள் ஓடின. இலைகள் கொட்டிவிட்டன. ஒரு சனிக்கிழமை காலை மாமாவும் என் கணவரும் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் மாடியில் அலுவலக அழைப்பில் இருந்தேன். கீழே நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். மாமா வாசலில் நின்று மாமியிடம், "இண்டைக்கு எல்லாக் கொடியையும் தாட்டுப்போட்டுத்தான் வருவன்" என்றாராம். அப்பா அம்மாவிடம், "தாட்டுன்னா என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்கும் தெரியவில்லை. மாமிதான் திரும்பிப் பார்க்காமல், "புதைக்கிறது. மண்ணுக்கை" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பொதி கட்டப் போய்விட்டார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா மாடி ஏறி வந்தார். கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "வண்டிய எடும்மா. தோட்டத்துக்குப் போகணும்" என்றார். "எதுக்குப்பா?" என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார். சண்டைக்குப் போகிறாரா, விடைபெறப் போகிறாரா? அம்மாவும் சாப்பாட்டுக் கூடையோடு மாமியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அப்பா வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

மாமா ஒரு கொடியைக் கம்பியில் இருந்து அவிழ்த்து, தரையோடு வளைத்துப் படுக்க வைத்து, மேலே மண் தள்ளிக்கொண்டிருந்தார். அப்பா அந்தச் சரிவில் மூச்சு வாங்க ஏறி ஓடி மண்வெட்டியின் பிடியைப் பிடித்தார்.

"வேணாம் சம்பந்தி. நிறுத்துங்க. நான் சாப்பிடலங்கிறதுக்காக இப்படிப் பண்ணாதீங்க. பச்சைக் கொடி, அது யாருக்கு என்ன பாவம் பண்ணுச்சு? எனக்காகக் கொல்லாதீங்க."

அவர் கண்ணில் தண்ணீர். மாமா என்னைப் பார்த்தார், நான் மாமியைப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஆர் கொல்லுறது?" என்றார் மாமா. "ஒவ்வொரு வருசமும் செய்யிறதுதானே. இது சூட்டு ஊர்க் கொடி. வெளியில விட்டா இந்தக் குளிர் கொன்றுபோடும். தாட்டாத்தான் உயிரோட கிடக்கும். பனி கரைஞ்சாப் பிறகு திரும்ப எடுத்து விடுவம்."

அப்பா மண்வெட்டியை விடாமல் நின்றார். "அப்ப எனக்காக இல்லையா?"

"இல்லை. உங்களுக்காக நான் இதை விடமாட்டன். எனக்காக நீங்கள் உங்கட விரதத்தை விடமாட்டியள் எல்லே? அது உங்கட தம்பி."

மாமா கோபமாகச் சொல்லவில்லை. கடைசியில் அவரே மண்வெட்டியின் பிடியில் இருந்து கையை எடுத்தார். இப்போது அது அப்பாவின் கையில் இருந்தது. அப்பா பாதி மூடிக் கிடந்த கொடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, குழந்தைக்குப் போர்த்துவதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை இழுத்துவிட்டார். மாமா அடுத்த கொடியை அவிழ்க்கப் போனார். ஒருவர் வளைத்துப் பிடித்தார், ஒருவர் மூடினார்.

மதியம் கொட்டகையில் மாமி பொதிகளைப் பிரித்தார். அப்பாவுக்கு என்று அம்மா தனியாக எதுவும் கொண்டுவரவில்லை. கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டாள். எல்லோரும் அதைக் கவனித்தோம், கவனிக்காத மாதிரி இருந்தோம். மாமி தலை நிமிராமல் மற்றவர்களுக்குப் பரிமாறினார். அப்பா குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து வாசலில் நின்றார். அவர் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொள்வார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் வந்து மாமிக்கு எதிரே, கவிழ்த்து வைத்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் பண்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலம்மா. பசிக்குது. போடுங்க."